பாவுக் கஞ்சியைக் குடித்தவள்

நான் விட்டுவந்த தாதிப் பணியில் என் இடத்துக்கு வந்திருக்கும் செல்லத்தாய் சென்ற வாரம் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். கருவுற்ற பெண்களைப் பற்றி மாதந்தோறும் நிரப்பி அனுப்ப வேண்டிய படிவம் புதிதாக அச்சாகி வந்திருக்கிறதாம். பழைய படிவத்தில் உணவுக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. புதியதில் பதினொன்று இருக்கின்றன. விடிந்ததும், காலை, முற்பகல் என்று தொடங்கிப் படுக்கைக்குப் போகுமுன் என்பது வரை அவை நீள்கின்றன. 'அக்கா, முற்பகல் ஆகாரம் என்று இங்கே எவருக்கும் ஒன்று இல்லையே, அந்தக் கட்டத்தில் கோடு போடலாமா, சுழி போடலாமா?' என்று கேட்டிருக்கிறாள். கடிதத்தின் இறுதி வரியில், பெண்களின் மனநிலையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றும் கேட்டு, பிறகு அதைத் தானே அடித்துவிட்டிருக்கிறாள். அடித்த எழுத்துக்கள் தெளிவாகத் தெரிந்தன.

கோடும் வேண்டாம், சுழியும் வேண்டாம், அந்தப் படிவத்தை அடுப்பில் போடு என்று எழுதத்தான் முதலில் கை போயிற்று. பணியிலிருக்கும் பெண்ணுக்கு அவ்வாறு எழுதலாகாது. பணியை விட்டவள் எதையும் சொல்லலாம். அவளுக்கு மேலதிகாரியின் சிவப்புப் பென்சிலைப் பற்றிய அச்சம் இல்லை.

இருபத்தாறு வயதில் ஓய்வு பெற்ற கிழவி என்று விடுதித் தோழியர் என்னைக் கேலி செய்கின்றனர். யுத்தத்தின் நடுவில் தாதிப் பணியில் சேர்ந்து, யுத்தம் முடிந்து இரண்டாண்டு கழித்து விலகியவள் நான். இப்போது மதுரையில், என்னைவிட ஏழு வயது இளைய பெண்களுடன் அமர்ந்து வித்துவான் வகுப்பில் யாப்புப் படிக்கிறேன். நான்கரை ஆண்டுப் பணியைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்த அடித்த வரிக்குப் பதில் எழுதாமல் எனக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என் தந்தையார் திருச்சுழியில் பள்ளி ஆசிரியர். நான் தமிழ் படிக்கச் சேரவிருந்த ஆண்டில் காலமானார். உணவும் உடையும் தந்து, முடிவில் வேலையும் தரும் படிப்பு ஒன்றுதான் அப்போது கிடைத்தது. மதுரை மருத்துவமனை ஒன்றில் பதினெட்டு மாதம், இருபது பிரசவங்கள் மேற்பார்வையில், பத்து தனியாக, ஒரு பரீட்சை, இரண்டு வெள்ளைச் சேலைகள். தாயின் உடலில் எலும்புகள் எத்தனை என்று கேட்டார்கள். அவள் வீட்டில் கடைசியாக உண்பவள் யார் என்று எவரும் கேட்கவில்லை.

நிலையம் அருப்புக்கோட்டையில், நெசவாளர் தெருக்கள் முடியும் இடத்தில் இருந்தது. ஆறு கட்டில்கள், காளியம்மா என்னும் ஓர் ஆயா, நான். ஒரு பக்கம் பந்தல்குடி வரையிலும் மறுபக்கம் நரிக்குடி வரையிலும் என் எல்லை. கரியில் ஓடிய யுத்தகாலத்து பஸ் ஏற்றத்தில் நின்றுவிடும், இறங்கி நடப்பேன். பங்கீட்டுக் கடையில் அரிசி வந்தால் ஊருக்கே அது செய்தி.

எனக்கு மேலதிகாரியாக இருந்த ஹெல்த் விசிட்டர் எஸ்தர் அம்மாள் மாதம் இருமுறை விருதுநகரிலிருந்து வருவார். அவர் நாற்காலியில் அமர்ந்து நான் பார்த்ததில்லை. குடையைக் கதவில் சாய்த்ததும் முதலில் என் கைகளை வாங்கி மோந்து பார்ப்பார். லைசால் என்னும் கிருமிநாசினியின் வாடை இருக்க வேண்டும். பின்பு என் பையைத் திறக்கச் சொல்லி, கத்தரிக்கோலை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாய் என்று கேட்பார். இருபது நிமிடம் என்றால், எந்தக் கடிகாரத்தில் என்பார். அதன்பின் பதிவேடு. நின்றபடியே, சிவப்புப் பென்சிலை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு படிப்பார். என் நடையில் அவருக்குப் பிடிக்காதவை அடைமொழிகள். 'மிகவும் சோர்ந்து காணப்பட்டாள்' என்று நான் எழுதியிருந்ததில் 'மிகவும்' என்பதை முதலில் அடித்தார். சற்று யோசித்து மற்றவற்றையும் அடித்தார்.

“எத்தனை அவுன்ஸு சோர்வுன்னு எழுது, பிள்ளே. எண்ணு இல்லாத விவரம் புரளி.”

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். எனக்கு உள்ளே எரிந்தது. ஆனால் பதினெட்டு மாதம் 'சரிங்கம்மா' என்று சொல்லப் பழகிய நாக்கு அதையே சொன்னது.

எண்களில் நான் கைதேர்ந்தவளானேன். நரிக்குடிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூரில் வேலம்மாள் என்று ஒரு கர்ப்பிணி. ஐந்து மாதம் தொடர்ந்து போய் அவளுடைய படிவத்தை நிரப்பினேன். கம்பங்கூழ், முருங்கைக்கீரை, மோர், வாரம் ஒருமுறை கருவாடு. யுத்தகாலத்தில் அப்படியோர் உணவு கண்டால் யாருக்கும் மகிழ்ச்சியே வரும். எஸ்தர் அம்மாள் அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய சிவப்புச் சரி போட்டு, மற்ற தாதியருக்குக் காட்ட எடுத்துப்போனார்.

எட்டாம் மாதத்தில் வேலம்மாளை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கால்கள் வீங்கி, நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். உட்புறம் துவைத்த வேட்டியின் நிறத்தில் இருந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூன்று பவுண்டுதான் எடை. அதைப் பஞ்சில் சுற்றி, துளித்துளியாகப் பால் புகட்டிக் காளியம்மாதான் பிழைக்க வைத்தாள். வேலம்மாள் ஒரு மாதம் எழவில்லை. எழுந்து உட்கார்ந்த அன்று, ஏன் ஐந்து மாதமாக என்னிடம் பொய் சொன்னாய் என்று கடுமையாகவே கேட்டேன்.

அவள் உண்மையாகவே வியந்தாள். “நான் எங்கம்மா பொய் சொன்னேன்? இன்னைக்கு என்ன ஆகாரம்னு கேட்டீக. ஆக்குனதச் சொன்னேன். நான் தின்னதையா கேட்டீக?”

சரி, நீ தின்றது என்ன என்றேன்.

“அவுக சாப்பிட்டு, கொழுந்தமாரு சாப்பிட்டு, மாமியா சாப்பிட்டு, அடியில ஒட்டுனதுல தண்ணிய ஊத்திக் கலக்கிக் குடிப்பேன். அதுக்கு உங்க பாரத்துல என்ன பேரு போடுவீக?”

அந்த வீட்டில் எவரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். சட்டியில் மீதி இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நானும் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு அதைப் பார்க்கச் சம்பளம்.

அதன்பிறகு நண்பகலுக்குச் சற்றுப் பிந்தி வீடுகளுக்குப் போய், உலையேற்றிய பாத்திரத்தைக் காட்டச் சொன்னேன். இதற்கு எனக்குக் கிடைத்த பெயர் 'பானை பாக்குற அம்மா'. திருச்சுழிப் பக்கம் ஒரு வீட்டில், நான் தெருமுனையில் திரும்புவதைக் கண்டதும் பக்கத்து வீட்டுக் கூழை வாங்கித் தங்கள் பானையில் ஊற்றிக் காட்டினார்கள். நான் தலையசைத்து எழுதிக்கொண்டு, அடுத்து அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே பானை காலி. இரு வீட்டாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

சுறாமீன் எண்ணெயின் கதையும் ஏறத்தாழ இதுவே. கர்ப்பிணிகளுக்கு அதைப் புட்டி புட்டியாகக் கொடுக்க உத்தரவு. மீன் நுழையாத வீடுகளுக்கும் அதே உத்தரவு. ஒரு நெசவாளர் வீட்டில் மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொண்டு, வீணாக்க மனமின்றித் தறியின் மிதிகட்டைக்குப் போட்டார்கள். நான்கு நாள் அத்தெருப் பூனைகள் எல்லாம் தறிக்குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. வீட்டுக்காரர் என்னிடம் வந்து, எண்ணெய் நன்றாகத்தான் இருக்கிறது, வாடையை மட்டும் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று பணிவுடன் கேட்டார். எஸ்தர் அம்மாளின் அறிக்கையில் அந்தப் புட்டி 'உட்கொள்ளப்பட்டது'.

இனி, செல்லத்தாய் அடித்த வரிக்கு வருகிறேன்.

சௌடம்மா அதே நெசவாளர் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசும் குடும்பம். கணவர் ராமலிங்கம், மாமியார் மல்லம்மா. சௌடம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. முதற்குழந்தை ராஜம்மா ஏழு மாதத்தில் வயிற்றுப்போக்கு கண்டு இறந்துபோனாள். அடுத்த கரு உண்டாகி, சித்திரை மாதத்தில் நானே போய்ப் பிரசவம் பார்த்தேன். ஆண் குழந்தை, ஆறேகால் பவுண்டு. எல்லாம் ஒழுங்காக முடிந்தது. எல்லா எண்களையும் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் போனபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். குழந்தை அழுதது, அவள் திரும்பவில்லை. உறங்குகிறாளா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், உறக்கமில்லை என்றாள் மல்லம்மா. பால் குறைவு. உணவு என்னவென்று கேட்டு, இம்முறை பாத்திரத்தையும் பார்த்தேன். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்பார்கள், அவளுக்குப் பத்தியம். பழைய அரிசிச் சோறு ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி, மிளகுச்சாறு, சுட்ட பூண்டு. காய்ச்சிய நீர் காலையில் அரை டம்ளர், மாலையில் அரை டம்ளர். வெளியே கரிசல் பிளந்து கிடந்த சித்திரை வெயில். நீர் கொடுங்கள் என்றேன். மல்லம்மா தலையசைத்தாள். இசைவுக்கும் மறுப்புக்கும் பொதுவான அந்தத் தலையசைப்பை நான் இசைவு என்று எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காலையில் மீண்டும் போனேன். யுத்தத்தால் நூல் தட்டுப்பாடு. இரண்டு மாதம் ஓய்ந்து கிடந்த தெருவுக்கு முந்தின நாள்தான் நூல் வந்திருந்தது. தெரு நெடுகக் குறுக்குக் கழிகள் மேல் பாவு நீட்டியிருந்தது. நெய்யுமுன் அந்த நீள இழைகளுக்குக் கஞ்சி தோய்த்தாக வேண்டும். இல்லையேல் தறியில் அறுந்துபோகும். ஆனால் ராமலிங்கத்தின் பாவு பாதி கஞ்சி கண்டும் பாதி காணாமலும் நின்றது. அவர் கையில் தூரிகையுடன் அதன் நடுவில் நின்றார். மல்லம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

“இன்னைக்கு வேண்டாம், நர்ஸம்மா. உள்ள இருக்குறது அவ இல்ல.”

நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னாள். பங்கீட்டில் வந்த அரிசியைப் பாவுக்கென்று காய்ச்சி, எண்ணெய் விட்டு, புளிக்க வைத்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் சௌடம்மா அந்தப் பானையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மனிதர்கள் வாயில் வைக்காத கஞ்சி அது. மேலும் நூல் வந்து வேலை தொடங்கும் முதல் நாள். கிணற்றில் விழுந்து செத்த யாரோ ஒருத்தி இவளுடைய உடம்பில் ஏறியிருக்கிறாள் என்று தெரு முழுதும் முடிவுகட்டிவிட்டது. பந்தல்குடிப் பக்கமிருந்து ஒரு கோடாங்கியை அழைக்க ஆள் போயிருந்தது. அவன் உடுக்கை அடித்துப் பேய் இறக்குபவன். அவன் வரும்வரை இவளுக்கு அன்னம் தண்ணீர் எதுவும் கூடாது.

அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். சௌடம்மாவின் நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. உதட்டோரத்தில் கஞ்சி உலர்ந்து ஒட்டியிருந்தது. எனக்கு வந்த சினத்தை இப்போதும் என்னால் ஒழுங்கான வாக்கியத்தில் அடைக்க முடியவில்லை. பேயும் இல்லை, பிசாசும் இல்லை, தாகம், பசி, வேறொன்றுமில்லை என்று மல்லம்மாவிடம் உரக்கச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் உரக்கப் பேசிய தருணங்கள் மிகக் குறைவு.

மல்லம்மா குரலை உயர்த்தவில்லை. “என் தங்கச்சி பிள்ளை பெத்த மூணாம் நாளு ஒரு செம்புத் தண்ணி குடிச்சா. ஏழாம் நாளு சன்னி கண்டு போயிட்டா. நான் பக்கத்துல இருந்தேன். நீங்க இருந்தீகளா?”

அந்தத் தங்கை எதனால் இறந்தாள் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. பிரசவத்தில் பட்ட, கொதிக்க வைக்காத ஏதோ ஒரு கத்தி. அதைச் சொல்லி அவளிடம் என்ன பயன்? ஆகவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தேன். ஏழு நாள் சௌடம்மாவின் உணவும் நீரும் என் பொறுப்பு. ஏழு நாளில் அவள் தேறாவிட்டால் கோடாங்கி வரட்டும்.

“ஏழு நாளு. எட்டாம் நாளு நான் சொல்றத நீங்க கேக்கணும்” என்றாள் மல்லம்மா.

நாள்தோறும் இருமுறை போனேன். கேழ்வரகுக் கஞ்சி, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, காளியம்மா எங்கிருந்தோ வாங்கிவந்த ஆட்டுப்பால், ஒரு பெரிய செம்பு நிறைய நீர். எதிரில் உட்கார்ந்து அவள் விழுங்குவதைப் பார்த்தேன். நான்காம் நாள் நாக்கில் ஈரம் வந்தது. ஐந்தாம் நாள் பால் பெருகிச் சேலை நனைந்தது. குழந்தையைத் துணித்தூளியில் கட்டித் தராசில் தொங்கவிட்டேன்; ஐந்து அவுன்ஸ் கூடியிருந்தது. அந்த ஐந்தை எழுதியபோது என் கை கொஞ்சம் அகங்காரத்துடன்தான் எழுதியது. மல்லம்மாகூடக் கோடாங்கியைப் பற்றிப் பேசவில்லை. தாகம், பசி, வேறொன்றுமில்லை என்று நான் சொன்னது நிறுவப்பட்டுவிட்டது.

ஏழாம் நாள் மல்லம்மா நீரெடுக்கப் போயிருந்தாள். நான் குழந்தையைத் தராசில் கட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை என்னிடம் 'ம்' என்பதற்கு மேல் சொல்லாத சௌடம்மா பேசினாள்.

“நீங்க போடுறதெல்லாம் திங்குறேன், நர்ஸம்மா. பாலு ஊற ஊறப் பயமா இருக்கு.”

எதற்குப் பயம் என்றேன்.

“ராஜம்மாவும் இதத்தான் குடிச்சா.”

என் கையில் தராசு ஆடிக்கொண்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்தபடி மேலும் சொன்னாள். முதற்குழந்தை இறந்தபோது, தாய்ப்பால் கெட்டுவிட்டது என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதன்பின் உடனே கருவுற்றாள். வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது என்று அழவும் விடவில்லை. ராஜம்மாவின் பெயரைச் சொல்லவும் விடவில்லை. இந்தக் குழந்தை பிறந்ததும், தான் உண்ணாமலிருந்தால் பால் ஊறாது, பால் இல்லாவிட்டால் இவனாவது பிழைப்பான் என்று முடிவு செய்திருக்கிறாள். பத்தியம் அவளுக்கு வசதியாகவே இருந்தது. பதினாறாம் நாள் பசி அவளை மீறிக் கஞ்சிப்பானைக்கு இழுத்துப்போயிற்று. அதற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டிருந்தவளை, நான் ஏழு நாள் எதிரில் உட்கார்ந்து ஊட்டி, அவள் எதற்கு அஞ்சினாளோ அதையே பெருக்கி, அவுன்ஸ் கணக்கில் எழுதி மகிழ்ந்திருக்கிறேன்.

“இவன் யாரு வீட்டுப் பிள்ளையோன்னு இருக்கு. தூக்குனா கை நடுங்குது. கெணத்தடிக்குப் போனா உள்ள எட்டிப் பாக்காம வர முடியல.”

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை என்பது அப்போது எனக்கு நினைவு வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் முதலில் நினைவு வந்தது.

அடுத்த நாள் எட்டாம் நாள். மல்லம்மாவிடம் உண்மையைச் சொன்னால், பசி தீர்ந்தும் இவள் தேறவில்லை என்றாகும். கோடாங்கியும் பட்டினியும் அன்றே வந்து சேரும். தேறிவிட்டாள் என்று பொய் சொன்னால், அவள் அந்த வீட்டில் அந்தக் கிணற்றுடன் தனியே இருப்பாள். நல்லவேளையாக அன்று எஸ்தர் அம்மாளின் வருகை நாள். என் கைகளை மோந்து முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அடைமொழிகள் இல்லாமல் சொன்னேன். நிலையத்தில் ஒரு கட்டில் கொடுத்து இவளைத் தாயும் சேயுமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

“துக்கத்துக்குக் கட்டில் கெடையாது. சோகைக்கு உண்டு” என்றார்.

அவளுக்குச் சோகை அவ்வளவாக இல்லை, ஏழு நாள் உணவில் இமை சிவந்திருக்கிறது, நானே பார்த்தேன் என்று மறுத்தேன். அப்போதும் என் துல்லியம் என்னை விடவில்லை.

“உனக்கு எப்பவும் கண்ணு நல்லாத் தெரியும். இன்னைக்கு மட்டும் கொஞ்சம் கொறைச்சலாத் தெரியட்டும்.” பதிவேட்டில் சிவப்புப் பென்சிலால் தாமே எழுதினார்: கடும் சோகை, பதினான்கு நாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு என்னுடன் வெயிலில் நடந்து வந்து, மல்லம்மாவின் எதிரில் சௌடம்மாவின் இமையை இழுத்துப் பார்த்து, இரத்தம் போதாது என்று அறிவித்தார். மல்லம்மா அந்த இமையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எதுவும் கேட்காமல் துணிமூட்டை கட்டிக் கொடுத்தாள். நண்பகல் சாப்பாட்டைத் தானே கொண்டுவருவதாக மட்டும் சொன்னாள்.

அந்தப் பதினான்கு நாளில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. துக்கத்துக்கு எனக்கு மருந்து தெரியாது, யாரும் கற்பிக்கவில்லை. காளியம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பஞ்சு உருட்டச் சொன்னாள்; கேள்வி எதுவும் கேட்கவில்லை. நான் வேலை முடிந்த வேளைகளில் போய் அருகில் இருந்தேன். நான்காம் நாள் ராஜம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். எப்படிச் சிரிப்பாள், தார்க்குச்சியில் நூல் சுற்றும் ராட்டையின் ஓசைக்கு எப்படித் தலையாட்டுவாள் என்று சொல்லிச் சொல்லி, ஓராண்டாக அழாததை அழுதாள். அன்று மாலை உண்ணவில்லை. நான் வற்புறுத்தவில்லை. தினமும் காலையில் அவள் கண்ணெதிரே குழந்தையைத் தராசில் நிறுத்து, எண்ணை மட்டும் சொன்னேன். சில நாள் கேட்டாள்; சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்தாம் நாள், தராசைக் கட்டுமுன்பே, “இன்னைக்கு எம்புட்டு?” என்று கேட்டாள். மறுநாள் மீண்டும் சுவரைப் பார்த்தாள். முன்னும் பின்னுமாக அப்படித்தான் போயிற்று.

பதினான்காம் நாள் அழைத்துப்போக வந்த மல்லம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“நீங்க எங்கிட்ட மறைச்சீக” என்றாள்.

நான் சௌடம்மாவின் துணிமூட்டையை அவளிடம் நீட்டினேன்.

“ரத்தம் இல்லாதவ கெணத்துக்குள்ள எட்டிப் பாக்கமாட்டா. பிள்ளை பெத்து வீட்டுக்குள்ள கெடந்தவ, பன்னண்டாம் நாளுலயே அங்க போயி நின்னா. அன்னையிலேருந்து நான்தான் தண்ணி எடுக்குறேன். அவள ஒத்தையில விட்டதில்ல. நீங்க வந்து உக்காந்தாத்தான் நான் வெளிய போவேன். வேற என்ன செய்யிறதுன்னு தெரியாமத்தான் கோடாங்கிய வரச் சொன்னேன்.”

பேய் என்று அவள் சொன்னதற்கும் பயம் என்று நான் அறிந்ததற்கும் பொருள் ஒன்றாகவே இருந்திருக்கிறது. ஒரே பெண்ணை இருவரும் காவல் காத்து, ஒருவரிடம் ஒருவர் மறைத்து, பதினாறாம் நாள் வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறோம். எத்தனை நாள் வீண்! எனக்கு அவள்மீதும் கோபம் வந்தது, என்மீதும் வந்தது.

“சரி, போகட்டும். இப்பச் சொல்லுங்க. வீட்டுல நான் என்ன செய்யணும்?”

முன்போலத் தனியே விட வேண்டாம் என்றேன். வயிறு நிறைய உணவு, கேட்ட போதெல்லாம் நீர். ராஜம்மாவின் பெயரை அவள் எடுத்தால் வாயடைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். இந்தக் கடைசிச் சொல்லுக்கு மல்லம்மாவின் முகம் சற்றுக் கோணியது. அந்தப் பெயரை அவளும் ஓராண்டாக உச்சரிக்கவில்லை போலும். கோடாங்கியைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஒரு நாள் வந்து உடுக்கையை அடித்துவிட்டுப் போகட்டும், சோறு போடுவதை மட்டும் தான் நிறுத்தப்போவதில்லை என்றாள். அதற்குமேல் வாதிட எனக்குத் தெம்பில்லை.

“எத்தனை நாளைக்கு இப்பிடிப் பாக்கணும்?” என்று கேட்டாள்.

“தெரியாது” என்றேன். வெள்ளைச் சேலை உடுத்திய பிறகு அந்தச் சொல்லை நான் சொன்னது அதுவே முதல் முறை. மல்லம்மா அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, மூட்டையை இடுப்பில் வைத்தாள்.

வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். சௌடம்மாவின் ராட்டை மல்லம்மாவின் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. சில வாரம் பேசினாள், சில வாரம் பேசவில்லை. உணவுக் கட்டங்களை நிரப்பினேன். மற்றவற்றை என் சொந்த நோட்டில் எழுதினேன். குழந்தைக்கு இரண்டரை மாதம் ஆனபோது ஒரு நண்பகலில் போனேன். பாவு நீட்டிய நாளாகையால் வீடு பரபரப்பாக இருந்தது. குழந்தை அழுதான், நேரம் மிச்சமாகட்டும் என்று நானே குனிந்து, ஒரு கையால் அவனைப் பாயிலிருந்து தூக்கினேன்.

சௌடம்மா ராட்டையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள்.

“அப்பிடியா தூக்குறது? அவனுக்குக் கழுத்து இன்னும் நிக்கல. இங்க குடுங்க.”

நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை முதன்முதலாகத் தூக்கியவள் நான். சான்றிதழ் பெற்ற தாதியிடம், அதுவும் தெருப்பெண்கள் நால்வர் பார்த்திருக்க, அவள் அதைச் சொன்னாள். எனக்கு முகம் சிவந்தது. அவளுடைய கைகளைப் பார்த்தேன்; நடுக்கம் இல்லை. பிறகு பிள்ளையை அவளிடம் கொடுத்தேன்.